கம்பெனி முங்கிப் போச்சு, பிடித்த டிடிஎஸ் எங்கே? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மார்த்தாண்டத்தில் வரிக்கணக்கு பார்க்கிறவன் நான். ஒரு கம்பெனி திவாலுக்குப் போனால் தீர்ப்பாயம், கடன் சீரமைப்பு என்று பேப்பரில் நாலு வரி வரும். கருங்கல்லிலோ குலசேகரத்திலோ இருக்கிறவருக்கு அது முதலில் உறைப்பது ரிட்டர்ன் போட உட்காரும்போதுதான். "சம்பளத்தில் பிடிச்சாங்களே அண்ணாச்சி, 26ஏஎஸ்-ல ஒண்ணுமே காணலியே" என்று போன் வரும். கொடுக்கிற பணத்திலேயே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரிதான் டிடிஎஸ்; அது உங்கள் பேரில் வந்து சேர்ந்ததைக் காட்டும் கணக்கு 26ஏஎஸ். இப்படி வருகிற கேள்விகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் இரண்டு விஷயம் மட்டும் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, அது உண்மையிலேயே கம்பெனிதானா? நம்ம மாவட்டத்து அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) பல கூட்டு நிறுவனங்கள், சில தனி ஆளின் தொழில். போர்டில் 'அண்டு கோ' என்று இருந்தால் மட்டும் கம்பெனி ஆகிவிடாது. 2016-ம் ஆண்டின் திவால் சட்டத்தில் என்சிஎல்டிக்கு (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) போகிற வழி பதிவு பெற்ற கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) மட்டும்தான். கூட்டு நிறுவனம் முங்கினால் கதை வேறு, இங்கே எழுதியதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. கம்பெனி என்றால் பதிவு அலுவலகம் எங்கே என்று பாருங்கள். ஆலை விளவங்கோட்டில் இருக்கும், பதிவு கொல்லத்தில் இருக்கும். அப்படியானால் வழக்கு சென்னை அமர்வில் இல்லை, கொச்சி அமர்வில். அறிவிப்பு மலையாளப் பேப்பரில் மட்டும் வந்து, இங்கே ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கும். திவால் வாரியத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் பொது அறிவிப்பு கிடைக்கும். தீர்வு நிபுணரின் (வழக்குக் காலத்தில் கம்பெனியை நடத்துகிறவர்) மின்னஞ்சல் முகவரியும் அதிலேயே இருக்கும்.

இரண்டாவது, தேதி. என்சிஎல்டி மனுவை ஏற்ற நாள் எது? அன்றைக்கே மொராட்டோரியம், அதாவது பழைய பாக்கிக்கான வழக்கையும் வசூலையும் நிறுத்தி வைக்கும் காலம், தொடங்கிவிடும். ஒவ்வொரு ஃபைலின் அட்டையிலும் இந்தத் தேதியை நான் சிவப்பு மையில் எழுதி வைப்பேன். அதற்கு முந்தைய பாக்கி எல்லாம் வரிசையில் நிற்கும் கடன். அதற்குப் பிந்தையது அன்றாடச் செலவு, உடனே கட்ட வேண்டியது. டிடிஎஸ் குழப்பத்தில் முக்கால்வாசி இந்தக் கோட்டைப் போடாததால் வருவதுதான்.

பிரிவு எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பது புதிய வருமான வரிச் சட்டம். அதில் சம்பளப் பிடித்தம் 392-லும் மற்றவை 393-லும் அடங்கும். பழைய வருடப் பாக்கிகள் 1961-ம் ஆண்டுச் சட்ட எண்களிலேயே நடப்பதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

அறிகுறி: சம்பளத்தில் வரி பிடித்தார்கள், 26ஏஎஸ்-இல் வரவில்லை

அதிகம் வருவதும் அதிகம் வயிற்றெரிச்சலும் இதுதான். அண்டி உடைக்கிற பெண்களின் கூலி வரி வரம்பைத் தொடாது. மாட்டிக்கொள்வது மேனேஜர், கணக்கர், தர ஆய்வாளர்.

ஒரு மேனேஜரின் காகிதங்களையே எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 85,000. பிடித்தம் மாதம் 4,800, பதினோரு மாதத்துக்கு 52,800. மனிதர் ரிட்டர்னில் 52,800-க்குக் கிரெடிட் கேட்டார். பெங்களூரு மையம் கிரெடிட் இல்லையென்று வெட்டிவிட்டு, அதே தொகையை வட்டியோடு கட்டச் சொல்லி அனுப்பியது. 'கம்பெனி திருடினதுக்கு நான் கட்டணுமா' என்பதுதான் அவர் கேள்வி.

26ஏஎஸ்-இல் காணோம் என்றால் பணமே கட்டவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மூன்று காரணம் இருக்கலாம். சலான் கட்டியிருப்பார்கள், யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று சொல்லும் காலாண்டு அறிக்கையான 24க்யூ தாக்கல் செய்திருக்க மாட்டார்கள். தாக்கல் செய்திருப்பார்கள், உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்து தப்பியிருக்கும். இல்லையென்றால் உண்மையிலேயே கட்டவில்லை. பிரித்தறிவது எளிது. கூட வேலை பார்த்த இரண்டு பேரின் 26ஏஎஸ்-ஐப் பாருங்கள். அவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் பான் பிழை. யாருக்குமே வரவில்லையென்றால் தீர்வு நிபுணருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இன்னின்ன மாதத்துக்கு டிடிஎஸ் கட்டிய 281 சலான் இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் டைப் அடித்துக் கொடுத்த ஃபார்ம் 16-ஐ நம்பாதீர்கள். அதன் 'ஏ' பகுதி வரித் துறையின் டிடிஎஸ் தளமான ட்ரேசஸிலிருந்து இறங்கியதாக இருந்தால்தான் கணக்கு.

இந்த மேனேஜர் விஷயத்தில் முதல் ஐந்து மாதத்துக்குச் சலான் இருந்தது. தாக்கல்தான் நடக்கவில்லை. தீர்வு நிபுணர் தாக்கல் செய்ததும் 24,000 கிரெடிட் வந்துவிட்டது. பாக்கி 28,800 நிஜமாகவே கட்டப்படாத பணம்.

அதற்குக் கேடயம் பிரிவு 205. வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்தவர் கட்டாமல் விட்டாலும் அந்த அளவுக்கு ஊழியரிடம் நேரடியாக வசூலிக்கக் கூடாது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2015 ஜூன் 1-ம் தேதியும், திரும்ப 2016 மார்ச் 11-ம் தேதியும் தன் அதிகாரிகளுக்கு இதையே எழுதியிருக்கிறது. வருமான வரிப் போர்ட்டலில் நிலுவைக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் இடத்தில் 'ஏற்கவில்லை' என்று போட்டு இந்த இரண்டு தேதியையும் குறிப்பிடுங்கள். கூடவே பிடித்தம் காட்டும் சம்பளச் சீட்டு, கையில் வந்த நிகரத் தொகை தெரியும் வங்கிக் கணக்கு, என்சிஎல்டி உத்தரவு, தீர்வு நிபுணரோடு நடந்த மின்னஞ்சல் ஆகியவற்றை இணையுங்கள். அதே கட்டை நாகர்கோவில் வருமான வரி அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். போர்ட்டலில் போட்டது மட்டும் போதும் என்று இருந்தவர்களுக்கு அடுத்த வருட ரீஃபண்டில் கை வைத்துவிட்டார்கள்.

இங்கே மூன்று தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. 'பிடிச்சது கவர்மெண்டுக்கே போகல, அதை ஏன் வருமானமா காட்டணும்' என்று சிலர் நிகரச் சம்பளத்தை மட்டும் காட்டுகிறார்கள். கூடாது. மொத்தச் சம்பளத்தையும் காட்டிப் பிடித்தத்தையும் கேட்டால்தான் 205 துணைக்கு வரும். இன்னும் சிலர் நோட்டீஸைப் பார்த்துப் பயந்து முழுத் தொகையையும் கட்டிவிட்டு அப்புறம் வருகிறார்கள். கட்டியதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. 205 தடுப்பது வசூலை. ரீஃபண்டாகக் கையில் கொடு என்று கேட்டால் துறை அவ்வளவு சுலபமாக இறங்கி வராது. மூன்றாவது தப்பு சம்பளச் சீட்டில். ஆலை நின்ற மாதத்திலேயே ஹெச்ஆர் சாஃப்ட்வேரின் சந்தாவும் நின்றுவிடும், லாகின் போய்விடும். வதந்தி காதில் விழுந்த அன்றைக்கே எல்லாச் சீட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளப் பாக்கிக்குத் திவால் வழக்கில் ஊழியருக்கான ஃபார்ம் டி-யில் தீர்வு நிபுணரிடம் உரிமை கோர வேண்டும். பொது அறிவிப்பில் போட்டிருக்கும் கடைசி நாளுக்குள் கொடுப்பது நல்லது. தவறினாலும் வழக்கு தொடங்கி 90 நாள் வரை கதவு அடைபடாது. கட்டப்படாத டிடிஎஸ்ஸையும் அதே ஃபார்மில் தனி வரியாக எழுதி வைப்பது என் பழக்கம். நிபுணர் ஏற்காமலும் போகலாம், ஆனாலும் எழுத்தில் ஒரு பதிவு இருக்கும். பின்னால் பாக்கிச் சம்பளம் கைக்கு வரும்போது வருகிற வருடத்தில்தான் பிடிப்பார்கள். பழைய வருடச் சம்பளம் ஒரே வருடத்தில் வந்து வரி கூடினால் அதைக் குறைப்பதுதான் 89(1) நிவாரணம்; அப்போது ஃபார்ம் 10இ போட்டு அதைக் கேட்க மறக்க வேண்டாம்.

அறிகுறி: பில் பணம் வரவில்லை, ஆனால் 26ஏஎஸ்-இல் டிடிஎஸ் தெரிகிறது (அல்லது பிடித்ததாகச் சொல்கிறார்கள், தெரியவில்லை)

குழித்துறைப் பக்கம் சின்ன ஷெட் போட்டு, பெரிய கம்பெனிக்குக் கூலிக்கு அண்டி உடைத்துக் கொடுக்கிற ஒரு அக்கா வந்தார்கள். பாக்கி பில் 12 லட்சம். ஒப்பந்த வேலை என்பதால் 194சி, தனிநபருக்கு 1%, அதாவது 12,000. பணம் கொடுக்காவிட்டாலும் கணக்கில் வரவு வைத்த அன்றைக்கே டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். அதனால் கை காலியாக இருக்கும்போதே 26ஏஎஸ்-இல் வருமானம் வந்து உட்கார்ந்திருக்கும்.

பில் பாக்கிக்காரர்கள் திவால் வழக்கில் உரிமை கோரும் ஃபார்ம் பி-யில் எவ்வளவு எழுதுவது என்பதுதான் அவர் கேள்வி. 26ஏஎஸ்-ஐப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 12,000 அங்கே வந்திருந்தால் அது உங்கள் பணமாக அரசிடம் போய்விட்டது, கம்பெனியிடம் கேட்க வேண்டியது 11,88,000. வரவில்லையென்றால் முழு 12 லட்சத்தையும் கேளுங்கள். தீர்வுத் திட்டத்தில் (கம்பெனியை மீட்க என்சிஎல்டி ஒப்புகிற திட்டம்) ரூபாய்க்கு அஞ்சு பைசா கிடைத்தால் அந்த 12,000-க்கு 600 ரூபாய்தான், வாதத்துக்கு மதிப்பில்லை. ஆனால் கோரிக்கைத் தொகையும் புத்தகத் தொகையும் ஒத்துப்போகவில்லை என்று மொத்தக் கோரிக்கையையே நிறுத்தி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வராத பாக்கியை வாராக்கடனாக உங்கள் புத்தகத்தில் எழுதித் தள்ளினால்தான் 36(1)(vii)-இல் கழிக்க முடியும். மனசுக்குள் தள்ளினால் போதாது.

அறிகுறி: ஏலத்தில் இடம் வாங்கினேன், 1% பிடிக்கவா வேண்டாமா

இதில் முதல் கேள்வி, ஏலம் போட்டது யார்?

கடனுக்காக வங்கி, அடமானச் சொத்தைத் தானே விற்க விடும் சர்ஃபேசி சட்டத்தில் விற்றால், சொத்தின் உரிமையாளர் இன்னும் கடன் வாங்கியவர்தான். விலையோ முத்திரைத்தாள் மதிப்போ 50 லட்சம் தொட்டுவிட்டால், சொத்து வாங்கும்போது டிடிஎஸ் பிடிக்கச் சொல்லும் 194-ஐஏ பொருந்தும். வாங்குகிறவர் 1% பிடித்து, கடன் வாங்கியவரின் பான் எண்ணில் 26க்யூபி படிவம் போட்டு, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும். வங்கி மேனேஜர் 'முழுத் தொகையும் எங்களுக்குக் கட்டுங்க சார்' என்பார். அவர் சொன்னார் என்று விட்டுவிட்டால் நோட்டீஸ் அவருக்கு வராது, உங்களுக்கு வரும். ஏலத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு குழி இருக்கிறது. கடன் வாங்கியவர் தனிநபராக இருந்து, அவருடைய பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் 1% இல்லை, 20%. கருங்கல் பக்கம் குடோனோடு 30 சென்ட் இடம், விலை 68 லட்சம் என்று வையுங்கள். 68,000 கட்ட வேண்டியவர் 13,60,000 கட்ட வேண்டிவரும். பான் நிலையைப் போர்ட்டலில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஏலத்தொகையைச் சொல்வதற்கு முன் பாருங்கள்.

கம்பெனியை மீட்க முடியாமல் சொத்தை விற்று மூடுகிற கலைப்பு நடவடிக்கையில் கலைப்பாளர் போட்ட ஏலம் என்றால் விடை நேர் எதிர். பிடிக்க வேண்டியதில்லை என்று என்சிஎல்டிக்கு மேலுள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்சிஎல்ஏடி 2021 பிப்ரவரியில் சொன்னது. காரணமும் தெளிவு. இந்த 1% விற்பவர் கட்ட வேண்டிய மூலதன ஆதாய வரியின் முன்பணம். திவால் சட்டம் 53-ம் பிரிவில் யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம் என்று வரிசை இருக்கிறது. அரசு பாக்கி அதில் தொழிலாளர் சம்பளத்துக்கும், அடமானக் கடனுக்கும், அடமானம் இல்லாத நிதிக்கடனுக்கும் கீழே. டிடிஎஸ் என்ற பெயரில் 1% முன்னால் போனால் அரசு வரிசையைத் தாண்டிப் போன மாதிரி ஆகிவிடும். வருமான வரி பாக்கி அடமானக் கடனுக்கு முந்தாது என்பதை 2018 ஆகஸ்டில் மானெட் இஸ்பாட் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ரெயின்போ பேப்பர்ஸ் தீர்ப்பைக் காட்டி 'அரசும் அடமானத்தின் மேல் கடன் கொடுத்தவர்தான்' என்று யாராவது சொன்னால், அது குஜராத் வாட் சட்டத்தில் இருந்த தனிப் பிரிவை வைத்து வந்தது என்று பதில் சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் நல்ல எண்ணத்தில் கலைப்பாளர் ஏலத்திலும் 1% பிடித்துக் கட்டிவிட்டார். தொகை குறைகிறது, விற்பனைச் சான்று தர முடியாது என்று கலைப்பாளர் கையை விரித்தார். மனிதர் அந்தப் பணத்தைக் கைக்காசிலிருந்து இன்னொரு தடவை போட்டுச் சான்றை வாங்கிவிட்டு, முதலில் கட்டியதற்காக ட்ரேசஸில் அலைந்துகொண்டிருக்கிறார்.

அறிகுறி: வட்டியைப் புதுக் கடனாக மாற்றினார்கள், காசு கைமாறவில்லை, ஆனாலும் டிடிஎஸ் நோட்டீஸ்

சீரமைப்பில் நடக்கிற வேலை இது. கட்டாத வட்டியைத் தனிக் கடனாக மாற்றுவார்கள், எஃப்ஐடிஎல் என்று பெயர். கடன் கொடுத்தது வங்கியோ கூட்டுறவு வங்கியோ என்றால் வட்டிக்கு டிடிஎஸ் கிடையாது, கவலையை விடுங்கள். ஆனால் என்பிஎஃப்சி (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) என்றால் பெரும்பாலும் வட்டிக்கான 194ஏ-யில் 10% பிடித்தாக வேண்டும். சிட்டிக்காரரிடமோ (சீட்டு நடத்துகிறவர்) உள்ளூர் ஃபைனான்ஸிலோ வாங்கியதற்கும் அப்படித்தான்.

கணக்கர்கள் சறுக்குவது இங்கேதான். 'காசே கொடுக்கல, எதிலிருந்து பிடிக்க?' என்பார்கள். கணக்கில் வரவு வைத்தாலே போதும், 'சஸ்பென்ஸ்' என்று பெயர் போட்டு ஒளித்தாலும் அது வரவுதான். வட்டி 18 லட்சம் என்றால் 1,80,000 ரொக்கமாகக் கட்ட வேண்டும், அதுவும் கம்பெனி மூச்சுத் திணறுகிற நேரத்தில். இதோடு இன்னொரு அடி: 43பி-யில் இப்படிக் கடனாக மாறிய வட்டி 'கட்டியதாக' ஆகாது, செலவாகவும் கழிக்க முடியாது.

பிடிக்காமல் விட்டுவிட்டீர்களா? ஃபார்ம் 26ஏ இருக்கிறது. என்பிஎஃப்சி அந்த வட்டியை வருமானமாகக் காட்டி ரிட்டர்ன் போட்டு வரியும் கட்டிவிட்டது என்று ஆடிட்டர் சான்று கொடுத்தால் 1,80,000-ஐ உங்களிடம் கேட்க மாட்டார்கள். மாதம் 1% வட்டி மட்டும், அதுவும் அவர்கள் ரிட்டர்ன் போட்ட நாள் வரைக்கும். 2024 மார்ச் 31-இல் வரவு வைத்து, அவர்கள் அக்டோபர் 30-இல் ரிட்டர்ன் போட்டிருந்தால், மார்ச்சையும் அக்டோபரையும் சேர்த்து 8 மாதம், 14,400 ரூபாய். லட்சத்து எண்பதாயிரம் எங்கே, இது எங்கே! என்பிஎஃப்சியிடமிருந்து அந்தச் சான்றுக்கான விவரத்தைச் சீரமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கையெழுத்து முடிந்த பிறகு அங்கே போனை எடுக்க ஆள் இருக்காது.

பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் இந்த வழி கிடையாது. அதற்கு மாதம் 1.5%. கூடவே 276பி-யில் குற்ற வழக்கும் வரலாம், மூன்று மாதம் முதல் ஏழு வருடம் வரை சிறை. பிடிக்காதது கவனக்குறைவு, பிடித்ததைச் செலவழித்தது வேறு விஷயம் என்றுதான் சட்டமும் பார்க்கிறது.

அறிகுறி: ஓடிஎஸ்-இல் (ஒருமுறைத் தீர்வில்) வங்கி ஒரு தொகையைத் தள்ளுபடி செய்தது, 194ஆர் (தொழிலில் கிடைக்கும் பலனுக்கான டிடிஎஸ்) வருமா

வராது. வங்கி, கூட்டுறவு வங்கி, சொத்து மறுகட்டமைப்பு நிறுவனம் போன்றவை தருகிற ஒருமுறைத் தீர்வுக்கும் தள்ளுபடிக்கும் 194ஆர் பிடிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2022 செப்டம்பர் 13-ம் தேதியிட்ட 18-ம் எண் சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது.

ஆனால் டிடிஎஸ் இல்லை என்பதற்காக வரியும் இல்லை என்று ஆகாது. இயந்திரம் வாங்கின கடனின் அசல் தள்ளுபடியானால் வருமானமில்லை என்று 2018-இல் மஹிந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கப்புறம் 2023 நிதிச் சட்டம், தொழிலில் கிடைத்த பலனை வருமானமாக்கும் 28(iv)-ஐ ரொக்கப் பலனுக்கும் நீட்டிவிட்டது. அதனால் அந்தத் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு தூங்க முடியாது. வட்டிக்கு வேறு சோதனை: அதை முந்தைய வருடங்களில் செலவாகக் கழித்திருந்தால் தள்ளுபடி 41(1)-இல் வருமானம். கட்டாததால் 43பி-யில் கழிக்காமலே விட்டிருந்தால் வருமானமில்லை. ஆகவே ஓடிஎஸ் கடிதத்தில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். 'மொத்தமாக' என்று ஒரே வரியில் எழுதிய கடிதத்தோடு வருகிறவர்களுக்கு என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை.

அறிகுறி: ஆலையை எடுத்து நடத்தும் புது ஆளுக்குப் பழைய டிடிஎஸ் நோட்டீஸ்

அட்டையில் சிவப்பு மையில் எழுதிய, என்சிஎல்டி மனுவை ஏற்ற தேதியைப் பாருங்கள். அதற்கு முந்தைய காலாண்டு என்றால், தீர்வுத் திட்டத்தில் சேராத கோரிக்கை அரசுடையதாக இருந்தாலும் அணைந்துவிட்டது என்று 2021 ஏப்ரல் 13-ம் தேதி கண்ஷ்யாம் மிஷ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. என்சிஎல்டியின் ஒப்புதல் உத்தரவையும் திட்டத்தில் சட்டரீதிப் பாக்கிகள் பற்றிய பக்கத்தையும் வைத்துப் பதில் எழுதுங்கள். ட்ரேசஸில் அந்தச் சிவப்பு எண் தானாக மறையாது, மென்பொருளுக்குத் தீர்ப்பு தெரியாது. டிடிஎஸ் அதிகாரி கையால் குறைக்க வேண்டும், நினைவூட்டல் கடிதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

நிர்வாகம் கைமாறியிருந்தால் பழைய குற்றத்துக்கான வழக்கிலிருந்து கம்பெனிக்குத் திவால் சட்டத்தின் 32ஏ பாதுகாப்பு உண்டு. பழைய டைரக்டருக்கு அது கிடையாது. 'கம்பெனி போச்சு, கேஸும் போச்சு' என்று நினைத்து நிம்மதியாக இருந்தவருக்கு 276பி சம்மன் வந்திருக்கிறது.

தேதிக்குப் பிந்தைய காலாண்டு என்றால் வாதாட இடமில்லை. தீர்வு நிபுணர் கம்பெனியின் பழைய டான் எண்ணிலேயே (டிடிஎஸ் பிடிப்பவருக்கான எண்) பிடித்து, அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். தன் கட்டணத்துக்கே, தொழில்முறைக் கட்டணத்துக்கான 194ஜே-யில் 10% பிடித்திருக்க வேண்டும். இதில் ஒரு சின்னச் சிக்கல் அடிக்கடி வரும். ட்ரேசஸில் பொறுப்பாளர் பெயரும் டிஜிட்டல் கையெழுத்தும் பழைய டைரக்டருடையதாகவே இருக்கும், ஓடிபி அவர் மொபைலுக்குப் போகும். அவர் எடுக்க மாட்டார். என்சிஎல்டி உத்தரவோடு விண்ணப்பித்து முதல் வாரத்திலேயே பெயரை மாற்றிவிட்டால், முதல் காலாண்டு 24க்யூ-வுக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்காது.